குமிழில் வைத்த சந்தனப் பொட்டு

கண்ணா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் கத்து. உன் மெஷினை நான் தொட்டுவிட்டேன். துடைத்தேன், பொட்டு வைத்தேன், ஸ்விட்சையும் போட்டேன். "அம்மா, அந்த ரூம்ல எதை வேணா பண்ணு, அந்தக் கறுப்புக் குமிழை மட்டும் தொடாதே" என்று புனேவுக்குக் கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னாயே, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் தொட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு வேலை போனதிலிருந்து நம் போன் பேச்சு "சாப்ட்டியா", "சாப்ட்டேன்", "அங்க மழையா", "இல்ல" என்பதோடு முடிந்துபோகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் சிக்னல் சரியில்லை என்கிறாய். கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. பாதியில் மடித்து வைத்தாலும் மிச்சம் அங்கேயே உட்கார்ந்திருக்கும், நீ திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

போன வாரம் நீயாகவே கூப்பிட்டு, தீபாவளிக்கு வரப்போவதில்லை என்றாய். "பெரியம்மா வீட்டுல எல்லாரும் இருப்பாங்கம்மா. இப்ப எங்க வேலைன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? அதே மாதிரி ஒரு வேலை கிடைக்கட்டும், அப்புறம் வரேன்." உன் கம்பெனி ஆட்களைக் குறைத்ததற்கு நீ என்ன செய்வாய் என்று நான் கேட்பதற்குள், "அந்த மெஷினைக் காயலான் கடையில போட்டுடும்மா, அது ஓடாது, இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உன் குரல் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ வரமாட்டாய் என்பதைவிட, 'அதே மாதிரி' என்று நீ சொன்னதுதான் என்னை உறுத்தியது. அதே மாதிரி கிடைக்கும்வரை அங்கே புனே அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாயா? கிடைக்கவே இல்லையென்றால்?

சரி, பிள்ளை சொன்ன ஒரு வேலையையாவது செய்வோம் என்று தெருவில் மூன்று சக்கர வண்டியோடு போனவரைக் கூப்பிட்டேன். மாடியேறி வந்தவர் உன் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கட்டிலா, மெஷினா?" என்றார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தில் தானாகவே பூ, எழுத்தெல்லாம் செதுக்கும் மெஷின், என் பையன் செய்தது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "ஓடுதா?" "இல்ல." "ஓடலன்னா இங்கியே ஒடச்சி, பிரிச்சி எடுத்துக்கினு போயிடறேன். ஓடுற மெஷினா இருந்தா முழுசா தூக்கிக்கினு போவேன்." சுத்தியலை வேறு எடுத்துவிட்டார். ஆயுத பூஜை வருகிற நேரத்தில் யாராவது ஆயுதத்தை வீட்டைவிட்டு அனுப்புவார்களா என்று சாக்குச் சொல்லி, பூஜை முடிந்து வரச் சொல்லிவிட்டேன். சாக்குதான், ஆனால் பொய் இல்லை.

அந்த மெஷினுக்கு உயிர் எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்வேன், எனக்குச் சொல்லப் பிடித்திருக்கிறது. உன் அப்பா தி.நகர் ஜவுளிக்கடையில், பட்டு செக்‌ஷனில், கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றவர். அவரிடம் போய் டாக்டர் "தினமும் நடங்க" என்றதும் வந்ததே கோபம். "நாள் பூரா நிக்கிறவனைப் பாத்து நடக்கச் சொல்லுதாரே, உக்காருன்னு சொன்னாலாவது கேட்டுக்கிடலாம்" என்று மந்தவெளி வந்து சேரும்வரை ஆட்டோவில் புலம்பினார். அடையாறில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடமிருந்து அந்தப் பழைய ட்ரெட்மில்லை வாங்கி வந்தோம். மாடிப்படி திரும்புகிற இடத்தில் அது சிக்கிக்கொண்டதும், கீழ்வீட்டு பர்வீன் டீச்சர் வாசலில் நின்று "ரைட்ல திருப்புங்க, ஐயோ என் ரைட் இல்ல, உங்க ரைட்" என்று உத்தரவு போட்டதும் நீ பார்த்திருக்கிறாய். ஆரம்பத்தில் அதன்மேல் காய்ந்ததெல்லாம் என் புடவைகள்தான். பிறகு ஒரு மத்தியானம் அவரே புடவைகளை எடுத்து, கடையில் மடிப்பதுபோல விசிறி மடிப்பாக மடித்து வைத்துவிட்டு, ஏறி நின்றார்.

ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம். அதன் நிழல் தரையில் அசைந்துகொண்டே இருக்கும், அவர் அந்த நிழலின்மேல் நடப்பார். முதலில் அடுக்களைப் பக்கம் திரும்பி "கிளம்பிட்டேன்" என்று ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் "கிரீன்வேஸ் ரோடு வந்தாச்சு". அப்புறம் "அடையாறு பாலத்துல ஏறிட்டேன், காத்து பிச்சுக்கிட்டுப் போகுது". காற்று நம் சீலிங் ஃபேனிலிருந்துதான் வந்துகொண்டிருக்கும். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் காபி கேட்பார், நான் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு மரத்தைப் பார்ப்பார், அங்கே கடல் இருப்பதைப்போல. சில நாட்களில் எனக்கே உப்புக் காற்று வருவதாகத் தோன்றும். கரண்ட் போனால் பாவம், பாலத்து நடுவில் நின்றுவிடுவார். கரண்ட் வந்ததும் "மறுபடியும் மந்தவெளியில இருந்தா?" என்று அலுத்துக்கொள்வது கேட்கும். நான் பருப்பைக் கடைந்துகொண்டே சிரிப்பேன். அதை அவருடைய விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

அவர் போனபிறகு அதில் மறுபடி துணி காயவைக்க எனக்கு மனசு வரவில்லை. நீதான் ஒருநாள், "அம்மா, இதோட மோட்டார் நல்ல மோட்டார், எடுத்துக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாய். எடுத்துக்கொள் என்றேன். முதல் ஸ்க்ரூவைக் கழற்றும்போது நீ மூக்கை உறிஞ்சினாய், நான் ஜன்னல் கதவைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் வந்த மாதங்களில் இந்த வீடு முழுக்க மரத்தூள் வாசனை. சனி, ஞாயிறு என்றால் நீ அந்த அறையைவிட்டு வரமாட்டாய். இங்கே பார்த்த வேலையின் சம்பளத்தில் வராத ஒரு வெளிச்சம் உன் முகத்தில் அப்போது இருந்தது. அம்மா என்பதால் சொல்லவில்லை, பர்வீன் டீச்சரும் சொன்னார்.

மோட்டார் சரியாகத்தான் இருந்தது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற அந்தப் பச்சை போர்டுதான் உன்னைப் படாதபாடு படுத்தியது. அதற்குக் குறிப்புப் புத்தகம் கிடையாது, பெயர் கிடையாது, சிப்புகளின்மேல் இருந்த எழுத்தைக்கூட யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். செய்தவனுக்கு அப்படி என்ன ரகசியமோ! எந்தக் கம்பி எதற்கு என்று தெரியாமல் ஒவ்வொன்றிலும் காகித டேப்பை ஒட்டி, "இது என்ன?", "இதுவும் என்ன?", "இது அதுவா?" என்று எழுதி வைத்தாயே, நான் அறையைப் பெருக்கும்போதெல்லாம் அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஓடியது. போர்டைப் பூட்டிய டப்பாவின்மேல் இருந்த, ட்ரெட்மில்லின் பழைய கறுப்புக் குமிழை நீ மெல்ல மெல்லத் திருப்பி, மரத்துக்குச் சரியான வேகம் வந்ததும், டப்பாவின்மேல் அந்த இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டாய். "இதாம்மா பாயின்ட். இனிமே இதை அசைக்கவே கூடாது" என்றாய். மாங்கட்டையில் ஒரு பூ பாதி இதழ் விரிந்திருக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் வந்தது, மெஷின் வரவில்லை. அதற்கப்புறம் என்றைக்காவது நீ எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினால் ஓடும், அடுத்தமுறை ஸ்விட்சைப் போட்டால் ஓடாது. மல்ட்டிமீட்டரால் தொட்டுப் பார்த்தாய், ஃபியூஸை மாற்றினாய், கெஞ்சினாய், திட்டினாய். அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் உன்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. "நான் ஏதோ கருக்கிட்டேன்மா, எனக்கு இது வராது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். கொஞ்ச நாளில் புனே வேலை வந்தது, போய்விட்டாய்.

இப்போது பூஜைக்கு வருகிறேன். மிக்ஸி, தையல் மெஷின், அப்பாவின் ஸ்கூட்டர், அரிவாள்மணை, பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்திய பழைய பிசிக்ஸ் புத்தகங்கள் எல்லாம் துடைத்தாயிற்று. காயலான் கடைக்குப் போகப்போகிறதென்றாலும் அதுவும் இந்த வீட்டு ஆயுதம்தானே என்று உன் மெஷினையும் துடைத்தேன். அந்த டப்பாவின்மேல் தூசி அப்பிக் கிடந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் குமிழ் கூடவே சுற்றிக்கொண்டு, இடதுபக்கம் கடைசிவரை போய் 'டிக்' என்று நின்றதை அந்த அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. பளிச்சென்று ஆகிவிட்டதே என்ற சந்தோஷத்தில் அதன் தலையில் சந்தனத்தை வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டி முடித்து நிமிரும்போதுதான் பார்க்கிறேன், குமிழ் உன் வெள்ளைக் கோட்டிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது! பகீரென்றது. திருப்பி வைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். ஆனால் பூஜைக்கு வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாதே. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிட்டேன். ராத்திரி முழுக்க நீ வந்து "அம்மா, பாயின்ட்ட மாத்திட்டியா?" என்று கேட்கிற மாதிரியே கனவு.

விஜயதசமியன்று காலையில் எப்போதும்போல எல்லாவற்றையும் ஒருமுறை போட்டு நிறுத்தினேன். மிக்ஸி ஒரு சுற்று, தையல் மெஷினில் நாலு தையல், ஸ்கூட்டருக்கு ஒரு உதை. சுண்டல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பர்வீன் டீச்சர் பின்னாலேயே வந்து, "தம்பி மெஷினை மட்டும் ஏன் விட்டீங்க டீச்சர்? அதுக்கும் நல்ல நாள்தானே" என்றார். ஓடாத மெஷினுக்கு என்ன நல்ல நாள் என்றேன். இருந்தாலும் வழக்கத்தை விட வேண்டாமென்று, செதுக்குகிற கூர்முனையை முதலில் ஸ்பேனரால் கழற்றி வைத்தேன், ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன், டப்பாவின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிசிக்ஸ் டீச்சரின் பிள்ளையாகப் பிறந்துவிட்டு நீ வெறுங்காலோடு அதை நோண்டியதை நான் மறக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. அது தெரிந்த கதைதானே. சரி, குமிழையாவது நீ வைத்த இடத்திலேயே வைத்துவிடுவோம் என்று, ஸ்விட்சை அணைக்க மறந்துபோய், மெல்லத் திருப்பினேன்.

ஒரு முனகல் கேட்டது. தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறவர் முனகுவாரே, அப்படி. மோட்டார் அசைந்தது. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன், ஆனால் அது நிற்கவில்லை, அதே மெதுவான வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், வேகம் கூடியது. "யா அல்லா, ஓடுது டீச்சர்!" என்று பர்வீன் டீச்சர் கிண்ணத்தோடு கையைத் தூக்க, கிண்ணத்தில் நான் திரும்ப அள்ளிப் போட்டிருந்த பொரி சிதறியது. ஜன்னல் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. மெஷினின் இடுக்குகளில் இத்தனை நாள் தூங்கிய மரத்தூள் எழும்பி அந்த வெயிலில் மிதந்தது. பார்த்துக்கொண்டே நின்றோம், இரண்டு கிழவிகளும்.

அப்புறம் எனக்குள் இருந்த வாத்தியாரம்மா விழித்துக்கொண்டார். நல்ல நாள் என்பதால் ஓடியது என்று விட்டுவிட முடியுமா? லேபில் பிள்ளைகளுக்குச் சொல்வேனே, மாற்றுவதென்றால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று. ஓடும்போதே ஸ்விட்சை அணைத்து, குமிழை அப்படியே விட்டு, மறுபடி போட்டேன். ஓடவில்லை. சிவப்பு விளக்கு கண்ணடித்தது. குமிழைக் கடைசிவரை இடதுபக்கம் கொண்டுபோனேன், 'டிக்'. கண்ணடிப்பது நின்று விளக்கு நிலையாக எரிந்தது. அங்கிருந்து திருப்பினேன், ஓடியது. மறுபடி அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒருமுறைகூட அது மாறவில்லை. அதற்கு வேண்டியது அவ்வளவுதான், ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். நீ எதையும் கருக்கவில்லை, கண்ணா. உன் கம்பிகளெல்லாம் சரி, நீ பற்றவைத்த ஒட்டுகளெல்லாம் சரி. கோட்டைப் போட்டுவிட்டுக் கோட்டிலேயே நின்றாய், அதுதான் தப்பு. எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டிய நாட்களில் குமிழும் பூஜ்யத்திலிருந்து திரும்பியிருக்கும், அதனால்தான் அன்றைக்கு மட்டும் ஓடியது. நம் வீட்டில் அது யாருக்கும் தோன்றாது. ஃபேன் ரெகுலேட்டரை நாம் என்றைக்காவது பூஜ்யத்துக்குக் கொண்டுபோயிருக்கிறோமா? மூன்றில் வைத்தது வைத்தபடியே இருக்கும், ஸ்விட்சைத் தட்டினால் அதே மூன்றில் சுற்றும். உலகத்திலிருக்கும் குமிழெல்லாம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

எதற்காக இப்படி ஒரு பிடிவாதம் என்று பர்வீன் டீச்சர்தான் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், முன்பு நான் அடுக்களையில் இருக்கும்போது கேட்கிற மாதிரியே உன் அப்பாவின் குரல் கேட்டது. "மறுபடியும் மந்தவெளியில இருந்தா?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் விளையாடவில்லை. கரண்ட் வந்ததும் அந்த போர்டு அவரைப் பாலத்திலிருந்து தொடர விட்டதே இல்லை, ஒவ்வொரு முறையும் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறது. ஏனென்றால் அது ட்ரெட்மில்லின் போர்டு. அதன்மேல் ஒரு மனிதர் நிற்கிறார். விட்ட வேகத்திலேயே பெல்ட் திடீரென்று ஓடினால் அவர் கீழே விழுவார். மெஷினைப் பிரித்தாயிற்று, பெல்ட் போய்விட்டது, கைப்பிடி போய்விட்டது, அவரும் போய்விட்டார். அந்தப் பச்சை போர்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் இன்னும் தன்மேல் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் அழுதேன், கண்ணா. பர்வீன் டீச்சர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எழுதத் தொடங்கியபோது உனக்குப் புத்தி சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை, பழக்கதோஷம். 'அதே மாதிரி வேலை கிடைக்கட்டும்' என்கிறாயே, நீயும் அந்த வெள்ளைக் கோட்டிலேயே குமிழை வைத்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடவில்லை என்றதும் நான் கருகிவிட்டேன், எனக்கு வராது என்கிறாய். நீ கருகவில்லை. பூஜ்யம் என்றால் உனக்குத் தலைகுனிவாக இருக்கிறது. உன் அப்பா ஒவ்வொரு தடவையும் அலுத்துக்கொண்டேதான் மந்தவெளிக்குத் திரும்பி வந்தார், ஆனால் வந்தார், வந்து மறுபடியும் பாலம்வரை போனார். இனி நீ கம்பெனிக்குப் போவாயோ, மரத்தில் பூ செதுக்குவாயோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் எனக்குச் சம்மதம். எனக்கு வேண்டியது, அதை நீ அந்தப் புனே அறையில் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யாமல் இருப்பது. பெரியம்மா கேட்டால் நீ வாயைத் திறக்கவே வேண்டாம். "வேலை போயிடுச்சு, அதான் நிம்மதியா பத்து நாள் இருக்க வந்திருக்கான், அந்த அதிரசத் தட்டை இப்படித் தள்ளுங்கக்கா" என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேல் யாராவது கேட்டால் அவர்கள் பிள்ளைகளைப் பற்றி நானும் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன்.

மூன்று சக்கர வண்டிக்காரர் சொன்னபடி வந்தார். "இன்னாம்மா, பூஜை முடிஞ்சிச்சா? எடுத்துக்கினு போலாமா?" என்றார். மெஷின் ஓடுகிறது என்றேன். "அப்ப முழுசாவே தூக்கிக்கினு போறேன்" என்று சந்தோஷமாகச் சட்டைக் கையை மடித்தார். "ஓடுற மெஷினை எதுக்குப்பா குடுக்கணும்?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பழைய செய்தித்தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

பாதிப் பூவோடு நிற்கும் அந்த மாங்கட்டையை நீ பூட்டிய இடத்திலிருந்து நான் நகர்த்தவில்லை. மிச்ச இதழ்களைக் கம்ப்யூட்டரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் செய்யமாட்டேன். அன்றைக்குப் பிறகு ஸ்விட்சையும் போடவில்லை. குமிழைக் கடைசிவரை இடதுபக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். பொட்டில் சந்தனம் காய்ந்து ஓரத்தில் வெடிக்கத் தொடங்கிவிட்டது, அது முழுக்க உதிர்வதற்குள் வந்தாயானால் நன்றாக இருக்கும். ரயிலோ பஸ்ஸோ, எதில் ஏறினாலும் எனக்கு நீளமாக எதுவும் எழுத வேண்டாம். உன் அப்பா அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொல்வாரே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அனுப்பு.

"கிளம்பிட்டேன்."

நான் காபிக்குப் பால் வைக்கிறேன்.

அம்மா